வெளி இணைப்பைப் புது டேபில் திறக்கலாமா? டெல்டா விவசாயத் தளம் நடத்தும் ஒருவருக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் டெல்டா விவசாயிகளுக்காகத் தமிழில் இணையதளம் நடத்துகிறார். மேட்டூர் நீர்மட்டம், முறைப்பாசனம், பயிர்க் காப்பீடு, பட்டா சிட்டா, நெல் கொள்முதல் என்று தனித்தனிப் பக்கங்கள். எல்லாவற்றிலும் அரசுத் தளங்களுக்கு இணைப்பு உண்டு. வாசகர்களில் பெரும்பாலோர் வாட்ஸ்அப் குழுவில் வந்த லிங்க்கைத் தொட்டு முதல் தடவையாக உள்ளே வருகிறவர்கள். அவர் கேட்பது: "வெளி லிங்க்கைத் தொட்டுப் போனவர்கள் திரும்பி வருவதில்லை. புது டேபில் திறக்க வைக்கவா? புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும், எங்கள் தளத்தை விட்டு வெளியேறுகிறீர்கள் என்று ஒரு பெட்டி காட்டவா? வெளி லிங்க் அதிகமானால் கூகுளில் பின்னால் போய்விடும், எல்லாவற்றுக்கும் நோஃபாலோ (இந்த லிங்க்குக்கு நான் சிபாரிசு தரவில்லை என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பு) போடு என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சரிதானா?"

என் பதில்: அதே டேபில் திறக்கட்டும், பெட்டி வேண்டாம், எல்லாவற்றுக்கும் நோஃபாலோ வேண்டாம். அந்த மூன்றுக்கும் செலவாகும் நேரத்தை லிங்க்கின் எழுத்துக்குக் கொடுங்கள். தொடுவதற்கு முன்னால் படித்தது மட்டும்தான் புதிதாக வந்தவருக்கு உதவும். தொட்ட பிறகு நீங்கள் காட்டுகிற எதையும் அவர் படிக்கப் போவதில்லை.

புது டேப் சண்டை இணையத்தில் மிகப் பழையது. 1999-லேயே இணையப் பயன்பாட்டு நிபுணர் யாகோப் நீல்சன், வலை வடிவமைப்பில் புதிதாகக் கிளம்பிய பெரிய தவறுகள் என்று ஒரு பட்டியல் போட்டபோது, கேட்காமல் புது விண்டோ திறப்பதை அதில் சேர்த்தார். காரணம் பேக் பட்டன். கம்ப்யூட்டரில் புது டேப் திறந்தால் பேக் பட்டன் செத்துப்போகும். வந்த வழி தெரியாமல் முழிப்பார்கள். போனில் நிலைமை கொஞ்சம் வேறு. ஆண்ட்ராய்டு குரோமில் ஒரு லிங்க் புது டேபில் திறந்தாலும், பேக் அழுத்தினால் அந்த டேப் மூடிக்கொண்டு பழைய பக்கத்துக்கே வந்துவிடும். ஆகவே "புது டேபில் திறந்தால்தான் நம் பக்கம் பின்னால் பத்திரமாக இருக்கும்" என்ற வாதத்துக்குப் போனில் பெரிய பலன் இல்லை. அதே டேபில் திறந்தாலும் பேக் அழுத்தினால் வந்துவிடுகிறார், புது டேபில் திறந்தாலும் அப்படியே. பேக் அழுத்தாமல் ஹோம் பட்டனை அழுத்தி வெளியே போகிறவரிடம் டேப் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். நூறு தாண்டினால் குரோம் எண்ணிக்கையைக் காட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு சிரிப்புக் குறியைப் போடும். ஊரில் யார் போனை வேண்டுமானாலும் வாங்கிப் பாருங்கள், அந்தச் சிரிப்பு அங்கே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதோடு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் தொடும் லிங்க் அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு சின்ன பிரவுசரில் திறக்கும். அங்கே டேப் பட்டியல் என்று ஒன்று கண்ணில் படாது. நீங்கள் புது டேப் என்று எழுதி வைத்ததற்கு அங்கே அர்த்தமே மாறிவிடுகிறது.

அதே டேபில் திறப்பதில் வாசகருக்கு ஒரு சுதந்திரமும் இருக்கிறது. புது டேப் வேண்டுமென்றால் லிங்க்கை அழுத்திப் பிடித்துத் தானே திறந்துகொள்ளலாம். நீங்களே புது டேப் என்று முடிவு செய்துவிட்டால், அதே டேபில் திறக்க அவருக்கு எளிய வழி கிடையாது. விக்கிப்பீடியாவையே பாருங்கள். வெளி இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் இருக்கும், அதே டேபில்தான் திறக்கும்.

விதிவிலக்கு உண்டு. உங்கள் காப்பீட்டுப் பக்கத்தில் வாசகர் தாலுகா, வருவாய் கிராமம், சர்வே எண் எல்லாம் உள்ளிட்டுக் கணக்குப் பார்க்கும் ஒரு படிவம் வைத்திருக்கிறீர்கள். அதன் நடுவே "சர்வே எண் தெரியாதா? நில ஆவணத் தளத்தில் பாருங்கள்" என்று ஒரு இணைப்பு. அது அதே டேபில் திறந்தால், திரும்பி வரும்போது நிரப்பியதெல்லாம் காலியாக நிற்கும் வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு லிங்க் புது டேபில்தான் திறக்க வேண்டும், "புது டேபில் திறக்கும்" என்று எழுத்திலேயே சொல்லவும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்தும்படி உலக அளவில் பரவலாகப் பின்பற்றும் டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டிக் குறிப்புகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன: பாதிப் படிவத்தில் உதவி பார்க்கப் போகிறபோது, அல்லது லாகின் அறுந்துபோகும் என்கிறபோது புது விண்டோ சரி, முன்கூட்டியே சொல்லிவிடு. இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு நாலைந்து டேப் தேவைப்படும்தான். ஆனால் அவருக்கு எப்படித் திறப்பது என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

புது டேப் வைக்கிற இடத்தில் நோஓப்பனர் என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். முன்பெல்லாம் புது டேபில் திறந்த தளம், பின்னால் நிற்கும் உங்கள் பக்கத்தையே வேறு முகவரிக்கு மாற்றிவிட முடியும். வாசகர் திரும்பி வந்து பார்க்கும்போது உங்கள் பக்கம் மாதிரியே ஒரு போலிப் பக்கம் ஓ.டி.பி. கேட்டுக்கொண்டு நிற்கும். 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 முதல் பிரவுசரே அந்தக் கதவை அடைத்துவிட்டது. சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் அதற்கு முன்பே செய்துவிட்டன. ஆனாலும் பழைய போன்கள் நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு சொல் சேர்ப்பதில் என்ன நஷ்டம்?

அப்புறம் அந்தப் பெட்டி. இந்த யோசனை உங்களுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மாவட்ட நிர்வாகத் தளங்களிலும் மற்ற அரசுத் தளங்களிலும் வெளி லிங்க்கைத் தொட்டால் அறிவிப்பு வரும். இந்திய அரசு இணையதளங்களுக்கென்றே 2009-ல் ஒரு வழிகாட்டி வந்தது. அதன் மூன்றாம் பதிப்பு 2023-ல். வெளித் தளத்துக்குப் போகிறவருக்கு அதைத் தெரியப்படுத்த வேண்டும் என்பது அதில் உண்டு. அரசுக்கு அதில் ஒரு நியாயம் இருக்கிறது: அரசு முத்திரை போட்ட பக்கத்திலிருந்து தனியார் தளத்துக்குப் போகிறவர், அதுவும் அரசுதான் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். தனியார் தளத்திலிருந்து அரசுத் தளத்துக்கு அனுப்புகிறீர்கள். "நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு பெட்டி போட்டு, பாதுகாப்பான இடத்துக்குப் போகிறவரைப் பயமுறுத்துவதில் யாருக்கு லாபம்? முதல் தடவை வருகிறவர் அதைப் பார்த்தால் இரண்டில் ஒன்று செய்வார். வைரஸ் என்று நினைத்து மூடுவார், இல்லையென்றால் படிக்காமல் ஓ.கே. அழுத்துவார். இரண்டாவது பழக்கம் இன்னும் மோசம். நாளைக்கு உண்மையிலேயே ஆபத்தான ஒரு பெட்டி வந்தாலும் விரல் ஓ.கே.க்குத்தான் போகும்.

பெட்டிக்குப் பதிலாக நடுவில் ஒரு பக்கம் வைத்து, முகவரியோடு சேர்த்துக் கொடுத்த இடத்துக்கு அனுப்புகிற முறையும் இருக்கிறது. அதை எழுதித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கும். தயவுசெய்து யோசிக்காமல் போடாதீர்கள். முகவரியில் எந்தத் தளத்தை எழுதினாலும் உங்கள் பக்கம் அங்கே அனுப்பிவிடும் என்றால், மோசடிக்காரர் உங்கள் தளத்தின் பெயரில் தொடங்கும் லிங்க்கை வாட்ஸ்அப்பில் பரப்புவார். தெரிந்த பெயர் என்று நம்பித் தொட்டவர் போய் நிற்பது போலிக் காப்பீட்டுத் தளத்தில். பாதுகாப்புத் துறையில் ஓப்பன் ரீடைரக்ட் என்று பெயர் வைத்து நீண்ட காலமாக எச்சரித்து வரும் ஓட்டை இது. நடுப்பக்கம் கட்டாயம் வேண்டுமென்றால், நீங்களே ஒப்புதல் கொடுத்த முகவரிகளுக்கு மட்டும் அனுப்பும்படி கட்டுங்கள்.

"புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும்" என்பதில் இன்னொரு சிக்கல். புதியவர் யார் என்று உங்கள் தளத்துக்குத் தெரியாது. குக்கீ (வந்தவரை அடையாளம் காணத் தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு) வைத்துப் பார்ப்பேன் என்பீர்கள். ஐபோன் சஃபாரி, பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் எழுதிய குக்கீயை ஏழு நாளில் அழித்துவிடுகிறது. பத்து நாளுக்கு ஒரு தடவை வருகிற வாசகர் அங்கே ஒவ்வொரு முறையும் புதியவர்தான். ஃபேஸ்புக்குக்குள் திறக்கும் பிரவுசரின் குக்கீ வேறு, குரோமின் குக்கீ வேறு. வீட்டில் ஒரே போனை அப்பா, மகன், மருமகள் மூன்று பேரும் பார்க்கிறார்கள் என்றால் அப்பாவுக்குக் காட்டிய பெட்டி மகனுக்கு வராது. ஆகவே எல்லோரையும் புதியவர் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். தெளிவாக எழுதிய லிங்க் பழைய வாசகரையும் தொந்தரவு செய்யாது.

இனி எழுத்து. உங்கள் காப்பீட்டுப் பக்கத்தில் "மேலும் விவரங்களுக்கு இங்கே கிளிக் செய்யவும்" என்று ஐந்து இடத்தில் இருக்கிறது. ஐந்தும் ஐந்து வெவ்வேறு இடங்களுக்குப் போகின்றன. ஊர்ப் பெயர் எழுதாத ஐந்து பஸ்ஸை வரிசையாக நிறுத்தி வைத்த கதை. பார்வையில்லாதவர்கள் போனில் திரையை வாசித்துக்காட்டும் வசதியை வைத்து லிங்க்குகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தாவிக் கேட்பதுண்டு. அவர்களுக்கு "இங்கே, இங்கே, இங்கே" என்றுதான் கேட்கும்.

முதல் தடவை வருகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது: அது யாருடைய தளம், அங்கே போய் என்ன செய்ய முடியும், காசு கேட்பார்களா, எந்த மொழியில் இருக்கும், கையில் என்ன வைத்திருக்க வேண்டும். இவற்றில் அந்த இடத்துக்குத் தேவையானதை மட்டும் சொன்னால் போதும். உதாரணமாக:

"பட்டா, சிட்டா பார்க்க: தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளம். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது சர்வே எண் தேவை."

"பயிர்க் காப்பீடு: ஒன்றிய அரசின் தளம். ஆங்கிலத்தில் திறந்தால் மேலே மொழி மாற்றும் இடத்தைப் பாருங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் அருகில் இருக்கட்டும். இ-சேவை மையத்திலும் சொசைட்டியிலும் செய்யலாம்."

இரண்டாவதில் கடைசி வரியைக் கவனியுங்கள். பலருக்கு அந்த லிங்க்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அடங்கல் வாங்க வி.ஏ.ஓ.விடம் போகிறவர் அப்படியே இ-சேவைக்குப் போய் முடித்துவிட்டு வந்துவிடுவார். அதைச் சொல்லிவிட்டால் ஆங்கிலப் படிவத்தின் முன்னால் அவர் தவிக்க வேண்டியதில்லை. வெளி இணைப்பு பற்றிய பேச்சில் யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் நல்ல வெளி இணைப்பு என்பது சில நேரம் "நீங்கள் இதைத் தொட வேண்டாம்" என்றும் சொல்ல வேண்டும்.

யாருக்கு என்பதையும் எழுதுங்கள். டெல்டா என்றதும் நமக்குத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நினைவுக்கு வரும். ஆனால் நடுவில் காரைக்கால் இருக்கிறது. அது புதுச்சேரி. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கென்றே 7 டி.எம்.சி. தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள், அந்தத் தண்ணீர் போவது காரைக்காலுக்குத்தான். திருநள்ளாற்றுப் பக்கத்து விவசாயி உங்கள் பட்டா லிங்க்கைத் தொட்டால், மாவட்டப் பட்டியலில் தன் ஊரைத் தேடித் தேடிச் சலித்துப்போவார். "தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு மட்டும்" என்று மூன்று வார்த்தை எழுதினால் முடிந்தது. காரைக்காலுக்குத் தனி லிங்க் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

லிங்க்குக்குக் கீழே தளத்தின் முகவரியைச் சின்ன எழுத்தில் போடச் சொல்வேன். போலிகளை அடையாளம் காண அதுதான் கை கொடுக்கும். பட்டா சிட்டா என்று கூகுளில் தேடினால் அரசுத் தளத்தோடு தனியார் தளங்களும் வரிசையாக வருகின்றன, சிலவற்றின் பெயர் அரசுத் தளம் மாதிரியே ஒலிக்கும். முகவரியை எப்படிப் படிப்பது என்பதை உங்கள் தளத்தில் ஒரு தனிப் பெட்டியாகவே வையுங்கள். எச்சரிக்கைப் பெட்டியை விட இது ஆயிரம் மடங்கு உபயோகம். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே "டாட் ஜிஓவி டாட் இன்" என்று முடிந்தால் அரசு. அந்த முடிவைத் தனியாருக்குத் தருவதில்லை. சில மாவட்டத் தளங்கள் "டாட் நிக் டாட் இன்" என்று முடியும், அதுவும் அரசுதான். ஜிஓவி என்ற எழுத்துகள் நடுவில் எங்கோ இருந்து, இடையில் கோடு போட்டு, கடைசியில் "டாட் காம்" என்றோ "டாட் ஆன்லைன்" என்றோ முடிந்தால் அது அரசு இல்லை. லிங்க்கை அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ஏமாந்துவிட்டவர் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்ற வரியும் அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் பக்கத்தில் உரக்கடை, டிராக்டர் விளம்பரங்கள் இருப்பதையும் பார்த்தேன். அரசு லிங்க்குக்கு அடுத்து, அதே பச்சை நிறத்தில், அதே பட்டன் வடிவத்தில் ஒரு கடன் கம்பெனி விளம்பரம். இதை மட்டும் உடனே மாற்றுங்கள், மற்றது எல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வந்தவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். "விளம்பரம்" என்று தமிழில் எழுதி, நிறத்தை மாற்றி, தள்ளி வையுங்கள்.

நோஃபாலோ கேள்வி சின்னது. அந்தக் குறிப்பு 2005-ல் வந்தது, பின்னூட்டங்களில் குப்பை லிங்க் கொட்டுகிறவர்களை அடக்குவதற்காக. 2019-ல் கூகுள் அதைப் பிரித்தது: காசு வாங்கிப் போடும் லிங்க்குக்கு ஸ்பான்ஸர்டு, வாசகர்கள் எழுதும் லிங்க்குக்கு யு.ஜி.சி. (பயனர் எழுதியது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), உங்களுக்கே உறுதி இல்லாததற்கு நோஃபாலோ. உரக்கடை விளம்பரத்துக்கு ஸ்பான்ஸர்டு போடுங்கள். நீர்வளத் துறைக்கும் வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் நீங்கள் நம்பித்தான் லிங்க் தருகிறீர்கள், அதில் எதற்கு நோஃபாலோ? வெளி லிங்க் கொடுத்தால் தளம் பின்னால் போகும் என்பது கட்டுக்கதை.

திரும்பி வருவதில்லை என்ற கவலைக்கு வருகிறேன். ஏன் போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். மேட்டூர்ப் பக்கத்தில் "இன்றைய நீர்மட்டம்" என்று தலைப்பு வைத்து, கீழே லிங்க் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். பார்க்க வந்தது ஒரே ஒரு எண். அந்த எண்ணை நீங்களே போடுங்கள்: முழு மட்டம் 120 அடி, இன்று காலை இத்தனை மணி நிலவரப்படி இத்தனை அடி, ஆதாரம் இன்ன தளம். லிங்க் சரிபார்க்க விரும்புகிறவருக்கு. கொள்முதல் பக்கமும் அப்படியே. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள ஒருவர் பெரிய பி.டி.எஃப். ஒன்றை டவுன்லோடு செய்து படிக்கும்படி வைத்தால் அவர் எதற்குத் திரும்பி வருவார்? பி.டி.எஃப். லிங்க் என்றால் பக்கத்தில் "பி.டி.எஃப்." என்றும் எத்தனை எம்.பி. என்றும் எழுதாமல் விடாதீர்கள். பல போன்களில் அது திறக்காது, எங்கோ டவுன்லோடு ஆகி உட்கார்ந்துகொள்ளும், லிங்க் வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி தொடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் வருகிறவர் தளத்தின் முகப்பைப் பார்ப்பதே இல்லை, நேராக நடுப்பக்கத்தில் வந்து இறங்குகிறார். நீங்கள் யார் என்றே தெரியாதவரை முதல் வரியிலேயே வெளியே அனுப்பாதீர்கள். முதல் பத்தியில் பதில், பிறகு லிங்க். பக்கத்தின் மேலே உங்கள் தளத்தின் பெயரும் "அரசுத் தளம் அல்ல" என்ற வரியும் இருக்கட்டும். பெயர் மனதில் நின்றால் அடுத்த தடவை அவரே தேடி வருவார்.

கடைசியாக, செத்துப்போன லிங்க்குகள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போயிருந்தன. நம் பக்கத்தில் மாவட்டமே மாறுகிறது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாக ஆன பிறகு, சீர்காழிக்கும் குத்தாலத்துக்கும் நாகப்பட்டினம் மாவட்டத் தளத்தைக் காட்டிய லிங்க்குகள் எல்லாம் திறக்கும், ஆனால் தப்பான அலுவலகத்துக்குப் போகும். தானாகச் சரிபார்க்கும் கருவிகளுக்கு இது பிடிபடாது, பக்கம் திறந்தால் சரி என்று சொல்லிவிடும். ஆளே தொட்டுப் பார்க்க வேண்டும். சில அரசுத் தளங்களின் உள்பக்க முகவரி கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். அங்கே முகப்புக்கு லிங்க் கொடுத்து, "உள்ளே இந்தப் பெயருள்ள பட்டனைத் தொடுங்கள்" என்று எழுதுவதுதான் நிலைக்கும். தேதியும் போடுங்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறக்கும், ஆனால் 2024-ல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். தேதியில்லாத பழைய அறிவிப்புக்கு லிங்க் கொடுத்தால் நாற்றங்கால் விடுகிறவர் கணக்கே தப்பிவிடும்.

வருஷத்தில் இரண்டு தடவை எல்லா லிங்க்கையும் தொட்டுப் பாருங்கள்: மே கடைசியில், குறுவைக்கு முன்னால் ஒரு தடவை, சம்பாக் காப்பீட்டுக்குக் கூட்டம் வருவதற்கு முன்னால், அக்டோபரில் ஒரு தடவை. கம்ப்யூட்டரில் பார்க்காமல் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில், வைஃபையை அணைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே லிங்க் அனுப்பி அதன் வழியாக உள்ளே போய்ப் பாருங்கள்.